பின் சீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள்

ஷூ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியின் காரில் தொற்றிக்கொண்டு டிமாருவுக்குப் போன நோலீன் கெடஸ், சாயங்காலம் திரும்பியபோது ஒரு சிவப்பு ஃபால்கன் செடானை ஓட்டிக்கொண்டு வந்தாள். எட்டு சிலிண்டர் எஞ்சின், கையால் போடும் கியர், பின்னால் குட்டியாக ஒரு இறக்கை. அது ரான்ஃபர்லி கடைவீதியில் திரும்பிய சத்தத்தைக் கேட்டு, பாரில் இருந்தவர்கள் கையில் கோப்பையோடு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவளுக்கு அறுபது வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பண்ணைகளுக்கு வேலி போடுவது அவள் கணவன் லிண்ட்சேயின் தொழில். அன்று வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். கையுறையைக்கூடக் கழற்றாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஷூ எங்கே?"

"நாலு இருக்கு பாரு," என்று டயர்களைக் காட்டினாள் நோலீன். "அகலமா, கறுப்பா, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அவை கோடை டயர்கள். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடும். குளிர் வந்தால் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். லிண்ட்சே குனிந்து ஒன்றை நகத்தால் தட்டிப் பார்த்தான்.

"நம்ம ஊருக்கு இது எதுக்கு? இதுக்குப் பதிலா குளிக்கிற தொட்டிக்கு சக்கரம் மாட்டி ஓட்டலாம். நான் இதுல ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். உள்ள உக்காந்தா தூக்கி விட கிரேன் வரணும்."

சொன்னபடியே ஏறவுமில்லை. வருஷங்கள் போயின. லிண்ட்சே தன் உயரமான டீசல் வண்டியிலேயே போனான், வந்தான். பின்தட்டில் வேலிக் கம்பங்களும் நாயும்.

நோலீனுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. முடி வெட்டும் தொழிலை அவள் இன்வர்காகிலில் கற்ற காலத்தில், கூடப் படித்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் திடலுக்குக் கூட்டிப் போவார்கள். அவர்கள் பையன்களைப் பார்க்கப் போனார்கள்; இவள் கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு செடான் வளைவில் பின்பக்கத்தை வீசிக்கொண்டு திரும்பும்போது வயிற்றுக்குள் ஏதோ குதிக்கும். பிறகு கல்யாணம், இரண்டு பெண்கள், ரான்ஃபர்லியில் சொந்தமாக ஒரு முடி வெட்டும் கடை என்று காலம் ஓடிவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில் பாதித் தலைகள் அவள் கைக்குள் வந்து போனவைதான். தெருவில் ஒரு வண்டி போனால், கத்தரிக்கோலை நிறுத்தாமலே "ஹார்வி வண்டி, இரண்டாவது சிலிண்டர் சரியில்ல" என்பாள்.

கோடையில் ஞாயிறுதோறும் தனியாக பாமர்ஸ்டன் வரை ஓட்டிப் போய், அங்கே மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட மட்டன் பை ஒன்றைச் சூடாகத் தின்றுவிட்டுத் திரும்புவாள். உலகின் தென்கோடியில் இருக்கும் அவர்கள் ஊரில் குளிர் தொடங்கும் மே மாதம் வந்ததும் ஃபால்கனைக் கொட்டகையில் நிறுத்தி, பழைய கம்பளிகளைப் போர்த்திவிடுவாள். செப்டம்பர் வரை அது தூங்கும்.

அந்த ஜூலையில் குளிர் ஒரு நாளும் விடாமல் இறங்கியது. குழாய்கள் வெடித்தன. ஆடுகளின் குடிநீர்த் தொட்டிகளைக் கோடாலியால் உடைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஊரில் ஒருவர் முகத்திலும் கவலையில்லை. கடைக்கு வந்த ஆண்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்: ஐடாபர்ன் அணையில் பனிக்கட்டி எவ்வளவு கெட்டி? யாரோ துளை போட்டுப் பார்த்தார்களாம். இன்னும் ஒரு விரல் வேண்டுமாம். இன்னும் அரை விரல் போதுமாம்.

அணை நன்றாக உறைந்தால் தெற்கிலுள்ள கர்லிங் சங்கங்கள் அத்தனையும் இரண்டு நாள் ஆட்டத்துக்கு அங்கே கூடும். வழுவழுப்பான கருங்கல்லைப் பனிக்கட்டியின் மேல் தள்ளிவிட, அதன் முன்னால் இருவர் துடைப்பத்தால் பரபரவென்று பெருக்கிக்கொண்டு ஓட, கல் போய் வட்டத்துக்குள் நிற்க வேண்டும். இந்தக் கூடுகைக்கு பான்ஸ்பீல் என்று பெயர். தேதி குறிப்பது குளிர்தான். சில சமயம் பத்து வருஷம்கூட வராமல் இருந்துவிடும். லிண்ட்சே ஒரு அணிக்குத் தலைவன். அவனுடைய இரண்டு கற்களும் முன்னறையில், நல்ல நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

ஒரு நாள் காலை வானொலி சொல்லிவிட்டது: நாளைக்கு பான்ஸ்பீல்.

லிண்ட்சே அடுப்படியில் நின்றபடியே ஒரு ஆட்டம் போட்டான். நோலீன் மறுநாள் முடி சுருட்ட வரவிருந்த அம்மாளுக்குப் போன் செய்தாள். "நானே உங்களைக் கூப்பிட நினைச்சேன். நாங்க எல்லாரும் அணைக்குப் போறோமே!" என்றாள் அந்த அம்மாள். நோலீன் ஊரோடு சேர்ந்து கடையை மூடினாள்.

இரவில் பனி பெய்தது. விடிந்தபோது வேலிக் கம்பங்களுக்கெல்லாம் வெள்ளைத் தொப்பி. லிண்ட்சே தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். அது இருமியது, உறுமியது, ஓய்ந்துவிட்டது. மறுபடி திருப்பினான். இப்போது இருமல்கூட இல்லை.

"டீசல் உறைஞ்சு மெழுகாயிடுச்சு," என்று வந்து சொன்னான். முகம் செத்துப்போயிருந்தது. அவன் அணியிலிருந்த மர்டோ ரென்னிக்குப் போன் செய்தான். மர்டோ ஆட்டுப் பண்ணைக்காரன். லிண்ட்சேயும் இன்னும் இரண்டு பேரும் அவன் பண்ணைத் தொட்டியிலிருந்துதான் டீசல் எடுப்பது வழக்கம். ஜனவரியில், கோடை வெயிலில் நிரப்பிய டீசல்; குளிரைத் தாங்காது. அவன் லாரியும் கிளம்பவில்லை. வெட்டர்பர்னில் இருக்கும் இன்னொரு அணிக்காரன் ஹேமி பராத்தாவின் வேனும் அப்படியே. கூப்பிட்டால் வந்து ஏற்றிக்கொள்ளக்கூடியவர்கள் எல்லோரும் வண்டி நிறைய ஆளோடு ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள்.

நோலீன் கொட்டகைக்குப் போனாள். கம்பளிகளை உருவி எறிந்தாள். பெட்ரோல் எஞ்சின் முதல் திருப்பிலேயே எழுந்தது. அந்தச் சத்தத்தில் கூரைப் பனி பொத்தென்று விழுந்தது.

லிண்ட்சே ஓடி வந்தான். "பைத்தியமா உனக்கு? இந்த டயரை வச்சுக்கிட்டா? கோடை டயரு!"

"என் டயரு கோடை டயருன்னு இத்தனை வருஷம் சிரிச்ச. உன் டீசல் என்ன டீசலாம்?"

அவன் உள்ளே போய், டயரைச் சுற்றி மாட்டும் பனிச்சங்கிலிகளை எடுத்து வந்தான். அவை அவன் வண்டிக்கானவை. ஃபால்கனின் அகல டயருக்கும் மேலுள்ள தகட்டுக்கும் நடுவே விரல் நுழையவே இடமில்லை. சங்கிலியைத் தூக்கிப் போட்டான். நோலீன் மெதுவாக கிளட்ச்சை விட்டாள். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வீர்ரென்று சுற்றின. வண்டி அசையவே இல்லை. பிறகு சோம்பலாகப் பக்கவாட்டில் நகர்ந்து போய்க் குப்பைத் தொட்டியை முத்தமிட்டது.

"போதுமா? போய் டீ போடு," என்றான் லிண்ட்சே.

"கல்லைத் தூக்கிட்டு வா."

"எதுக்கு?"

"ஒரு கல்லு இருபது கிலோ. டிக்கியில வை. பின் சக்கரத்துக்குத்தானே பலம் வேணும். சீக்கிரம்!"

இரண்டு கற்களையும் கம்பளியில் சுற்றி டிக்கியில் வைத்தான். முன் கதவைத் திறக்கப் போனவனை அவள் தடுத்தாள்.

"பின் சீட்டு."

"என்னது?"

"நீயும் பாரம்தான். பின்னால உக்காரு."

தலையை மடக்கி, முழங்காலை மடக்கி, சாபம் விட்டுக்கொண்டே லிண்ட்சே அந்தக் காருக்குள் முதல்முறையாக ஏறினான். நோலீன் வழுக்கலைத் தடுக்கும் கருவியைப் பட்டனை அழுத்தி நிறுத்தினாள். அது இருந்தால் சக்கரம் லேசாகச் சுற்றினாலே எஞ்சினை அடக்கிவிடும். முதல் கியரைத் தொடாமல் இரண்டாவதில் போட்டு, காலடியில் முட்டை இருப்பதுபோல் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வண்டி யோசித்தது. இன்னும் யோசித்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியது.

"போகுது! நோலீன், போகுது!"

"கத்தாதே. இப்ப நிறுத்தினா அவ்வளவுதான்."

மர்டோவின் பண்ணை ஊர் எல்லையில் இருந்தது. ஆள் ஒரு கதவு அளவு அகலம். கற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையிலேயே நின்றிருந்தான். சிவப்புக் காரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான், சவ ஊர்வலம் போகிறது என்பதுபோல.

"லிண்ட்சே, நீ எதுக்குப் பின்னால உக்காந்திருக்க? சண்டையா?"

"ஏறு, ஏறு. நீயும் பின்னாலதான்."

"முன் சீட்டு சும்மாதானே இருக்கு!"

"அது சாப்பாட்டுக்கு," என்றாள் நோலீன். முன் சீட்டில் காப்பிக் குடுவையும், துணியில் சுற்றிய மட்டன் பைகளும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

நான்கு கற்கள், இரண்டு ஆண்கள். இப்போது வண்டிக்குப் புத்தி வந்துவிட்டது. பின் சக்கரங்கள் பனியை மென்று விழுங்கிக்கொண்டு போயின. கைக்கும் இருக்கைக்கும் வந்த சின்னச் சின்ன வழுக்கல்களை நோலீன் கவனித்துக்கொண்டே வந்தாள். சிக்கு விழுந்த தலையில் சீப்பை விடுவது போலத்தான் இருந்தது. இழுத்தால் கத்தும், கொஞ்சம் விட்டு, கொஞ்சம் கெஞ்சி, மறுபடி விட்டால் வழிக்கு வரும். இத்தனை வருஷம் கையில் இருந்த வித்தைதானே இது என்று தோன்றியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெட்டர்பர்னில் ஹேமி ஏறினான். ஆட்டு ரோமம் கத்தரிப்பவன், முப்பது வயது, மற்ற இருவரையும் சேர்த்தால்தான் அவன் தோளுக்குச் சரியாக வரும். லிண்ட்சேயின் முழங்கால் மர்டோவின் விலாவில் இடிக்க, மூன்று துடைப்பங்களும் ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கதவைச் சாத்த நோலீன் இறங்கி வந்து இடுப்பால் தள்ள வேண்டியிருந்தது.

"ஆன்ட்டி, மூச்சு விடலாமா?"

"மேடு ஏறின பிறகு விடு."

மேடு அங்கேதான் தொடங்கியது. பாதியில், நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் பெரிய வண்டி ஒன்று வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. அதன் சொந்தக்காரர், டனீடனிலிருந்து வந்த யாரோ, சாலையோரம் நின்று கையைக் காட்டினார். காயம் எதுவும் இல்லை. எதிரே ஒரு டிராக்டர் அவருக்காகவே வந்துகொண்டிருந்தது.

"நிக்கவா?" என்றாள் நோலீன்.

"நிக்காதே!" என்று பின்னாலிருந்து மூன்று குரல்கள்.

ஹேமி மட்டும் ஜன்னல் வழியே கத்தினான்: "மன்னிச்சுக்கோங்க சார், எங்களுக்கு பிரேக் ஆகாது!"

எஞ்சின் சீராக உறும, சக்கரங்கள் நழுவ, பிடிக்க, நழுவ, பிடிக்க, ஃபால்கன் நடை வேகத்தில் ஏறியது. உச்சிக்குச் சற்று முன் அது ஒரு கணம் தயங்கியது. "எல்லாரும் குதிங்க!" என்றாள் நோலீன். மூன்று ஆண்பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்திலேயே குதித்தார்கள். வண்டியின் பின்பாகம் அமுங்கி எழுந்தது, சக்கரம் கடித்தது, ஏறிவிட்டது. உள்ளே எழுந்த கூச்சலில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் ஒன்றை மறந்தாள். மேட்டில் உதவிய பாரம் வளைவில் உதவாது. அணைக்குப் போக ஒட்டுரேஹுவா சாலை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திருப்பினாள். முன்பாகம் திரும்பியது, பின்னால் இருந்த ஆறு கற்களும் மூன்று ஆண்களும் நேராகப் போக விரும்பினார்கள். வால் வீசியது. வெள்ளை வயல், வேலி, மலை, வந்த சாலை, மறுபடி வயல், மறுபடி வேலி என்று எல்லாம் ஜன்னலில் ஓடின.

"பிரேக்! பிரேக்!" என்று லிண்ட்சே அலறினான்.

அவள் பிரேக்கைத் தொடவில்லை. கிளட்ச்சை மிதித்து, எங்கே போக வேண்டுமோ அங்கேயே கண்ணை வைத்து, ஸ்டியரிங்கை விரல்களுக்குள் ஓடவிட்டாள். கார் அவசரமே இல்லாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஐடா பள்ளத்தாக்குச் சாலையின் நடுவில், போக வேண்டிய திசையைப் பார்த்து நின்றது.

முன் சீட்டிலிருந்து ஒரு மட்டன் பை மட்டும் தரைக்கு உருண்டிருந்தது.

முதலில் மர்டோவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அந்தக் குலுக்கல் ஒரு பக்கம் ஹேமிக்கும் மறுபக்கம் லிண்ட்சேக்கும் போனது. நோலீன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பந்தயத் திடலின் கம்பி வேலிக்கு வெளியே நின்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் வயிற்றில் குதித்தது இப்போதும் குதித்தது.

"ஆன்ட்டி, வேணும்னே சுத்தினீங்களா?" என்றான் ஹேமி.

"பின்ன?"

இறக்கம்தான் கடைசிச் சோதனை. பாதி இறங்கியதும் எதிரே ஒரு டிராக்டர் ஆடுகளுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு, சாலை முழுவதையும் அடைத்தபடி வந்தது. பிரேக்கை நம்ப முடியாது. நோலீன் கியரைக் குறைத்து, இடப்பக்கச் சக்கரங்களை ஓரத்தில் மிதிபடாமல் கிடந்த ஆழமான பனிக்குள் இறக்கினாள். பனி அடித்தட்டில் உரசி, வண்டியைக் கையைப் பிடித்து இழுப்பதுபோல் நிதானமாக்கியது. டிராக்டர்க்காரன் ஒதுங்கி, இவர்களைக் கடக்கும்போது துடைப்பங்களையும் பின் சீட்டையும் பார்த்தான். வாயிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது.

அணைக்கரையில் இருநூறு முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். அகன்ற பனிக்கட்டியின் மேல் கற்கள் சறுக்கும் உறுமல் தூரத்திலிருந்தே கேட்டது. உயரமான வண்டிகளுக்கு நடுவே சிவப்புச் செடான் வந்து நின்று, அதன் பின் கதவு வழியே ஒவ்வொருவராக மூன்று பெரிய உருவங்கள் வெளியே வந்தபோது, அந்தப் பக்கத்து ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. லிண்ட்சேயின் தம்பி ஏங்கஸ், அணியின் நான்காவது ஆள், ஒமாகாவ் பக்கமிருந்து முன்பே வந்து காத்திருந்தான்.

"இதுக்குள்ள இன்னும் எத்தனை பேரு?"

"கல்லை எடுடா, வாயை மூடு," என்றான் லிண்ட்சே. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

அன்று அவர்கள் ஆடிய ஆட்டங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தோற்றார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மாட்டிறைச்சியும் கீரையும் ஆவி பறக்கப் பரிமாறினார்கள். விஸ்கி கை மாறியது. நோலீன் ஓட்ட வேண்டியிருந்ததால் காப்பியோடு நின்றாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஃபால்கனைத் தொட்டுப் பார்த்தார்கள். வாய்க்காலில் விழுந்த டனீடன்காரரும் ஒருவழியாக வந்து சேர்ந்து, டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, நம்ப மாட்டேன் என்பதுபோல் இரண்டு முறை தொட்டார்.

சாயங்காலம் திரும்பும்போது சாலையில் மணல் போட்டிருந்தார்கள். முன் சீட்டு காலியாகவே இருந்தது. லிண்ட்சே ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு தானாகவே பின் கதவைத் திறந்துகொண்டு ஏறினான்.

இரண்டாம் நாள் ஆட்டமும் முடிந்து, அதற்கடுத்த நாள் நோலீன் கடையைத் திறந்தாள். முடி உலர்த்தும் கூண்டுக்கடியில் இரண்டு பேர், காத்திருக்கும் பெஞ்சில் மூன்று பேர். எல்லோருக்கும் கதை வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு மணி அடித்தது. லிண்ட்சே உள்ளே வந்தான். "முடி ரொம்ப வளந்துடுச்சு," என்று நாற்காலியில் உட்கார்ந்தான். உண்மையில் போன மாதம்தான் அவள் வெட்டிவிட்டிருந்தாள்.

துணியைக் கழுத்தில் கட்டி முடிப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"மேட்டுல நாங்க ஏறினோம் பாருங்க, அங்க நாலு வண்டி கவுந்து கிடந்தது. நாங்க நிக்கவே இல்ல."

"நாலா?" என்றாள் பெஞ்சில் இருந்த ஒருத்தி.

"அஞ்சுகூட இருக்கும். அப்புறம் அந்தத் திருப்பத்துல ரெண்டு சுத்து சுத்தினோம். நான் பதட்டமே படல. நோலீன், பிரேக்கை மட்டும் தொடாதேன்னு அமைதியா சொன்னேன். அதான் தப்பிச்சோம்."

கூண்டுக்கடியிலிருந்த இருவரும் கண்ணாடி வழியே நோலீனைப் பார்த்தார்கள். அவள் கத்தரிக்கோலை அவன் காதருகே பிடித்தபடி, ஒரு கண்ணை மட்டும் மெல்ல மூடித் திறந்தாள்.

"சொல்லு, சொல்லு," என்றாள் அவனிடம். "ஆனா தலையை ஆட்டாம சொல்லு, காது போயிடும்."